மதுக்கடை திறக்க யாரைக் கேட்க வேண்டும்?

(வன்னிப் பெருநிலப்பரப்பில் மதுசார ஒழுங்குமுறை குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2024 டிசம்பர் தொடக்கத்தில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க நாடாளுமன்றத்தில் ஒரு பட்டியலைச் சமர்ப்பித்தார். முந்தைய ஆட்சியில் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அது. மொத்தம் 362. மேல் மாகாணத்துக்கு 110, தென் மாகாணத்துக்கு 48, மத்திய மாகாணத்துக்கு 45. வட மாகாணத்துக்கு 32. அந்த 32 இல் 16 கிளிநொச்சி மாவட்டம் ஒன்றுக்கே போயிருந்தன.

2012 குடிசன மதிப்பீட்டில் வட மாகாணத்தின் சனத்தொகை ஏறத்தாழ 10 லட்சத்து 60 ஆயிரம். கிளிநொச்சியில் 1 லட்சத்து 13 ஆயிரம் சொச்சம். மாகாணத்து மக்களில் பத்தில் ஒரு பங்கினர் வாழும் மாவட்டத்துக்குப் புதிய அனுமதிப்பத்திரங்களில் பாதி கிடைத்திருக்கிறது.

அந்தப் பட்டியலை ஒட்டிக் கிளம்பிய வாதம் எந்த அரசியல்வாதி யாருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார் என்பதையே சுற்றி நின்றது. அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு சந்தியில் மதுக்கடை திறக்கலாமா என்று அந்தச் சந்தியைச் சுற்றிக் குடியிருப்பவர்களிடம் யாராவது கேட்டார்களா? மது ஒழுங்குமுறை என்றால் வரி, வயது, நேரம், தூரம் என்று எண்ணுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது கிடக்கிறது. இந்த உரை அதைப் பற்றியது.

முட்டிக்குள் ஒரு சுண்ணாம்புப் பூச்சு

வன்னியில் மதுவை முதலில் கட்டுப்படுத்தியது சட்டம் அல்ல. பனையும் அதைச் சுற்றியிருந்த வழக்கங்களும்தான்.

பாளையைச் சீவி முட்டி கட்டுகிறார் ஒருவர். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் காலையில் இறங்குவது கருப்பநீர். குழந்தைக்கும் கொடுக்கலாம், காய்ச்சிப் பனங்கட்டியாக்கலாம். சுண்ணாம்பு பூசாத முட்டியில் அதே நீர் சில மணி நேரத்தில் நுரை தள்ளத் தொடங்கும். காற்றிலும் முட்டியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அதன் சீனியை மதுசாரமாக மாற்றிவிடும். ஒரே மரம், ஒரே பாளை. ஒரு விரல் சுண்ணாம்பு அதை உணவாகவும் மதுவாகவும் பிரிக்கிறது. உணவும் மதுவும் இவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான் கள்ளைப் பற்றிய ஊர்வழக்கங்களும் நுணுக்கமாக இருந்தன. பின்னேரம் தவறணையில் பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிப்பார்கள், இருட்டுமுன் வீட்டுக்குப் போவார்கள். மறுநாளைக்கு வைத்தால் புளித்துவிடும் என்பதால் வாங்கி அடுக்கிவைக்க வழியில்லை. பனை பாளை விடும் பருவம் முடிந்தால் கள்ளும் குறையும்.

இந்த வழக்கங்களுக்குள் ஓர் அநீதியும் இருந்தது. குடித்தவருக்குக் கிடைக்காத இழிவு, மரம் ஏறியவருக்குக் கிடைத்தது. சீவல் தொழிலாளரின் உழைப்பைச் சாதியின் பெயரால் தாழ்த்திய அதே சமூகம் அவர் இறக்கிய கள்ளைத் தயங்காமல் குடித்தது. 1972 முதல் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகி, தொழிலாளர் தாங்களே தவறணை நடத்தத் தொடங்கியபோது அந்த அநீதி சற்றாவது தளர்ந்தது. வருமானம் குத்தகைக்காரரின் கையைவிட்டு ஏறியவர்களின் சங்கத்துக்கு வந்தது. மது ஒழுங்குமுறை பற்றிப் பேசும்போது இந்தக் குடும்பங்களின் பிழைப்பையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. சாராயக் கம்பனியையும் பனையேறுபவரையும் ஒரே தராசில் வைக்கும் சட்டம் நியாயமானதல்ல.

அளவிலும் இரண்டும் ஒன்றல்ல. கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ 5 வீதம். கடையில் விற்கும் சாராயத்தில் 33 வீதத்துக்கு மேல். 180 மில்லிலீற்றர் கால் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 48 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. முக்கால் லீற்றர் போத்தல் நிறையக் கள்ளில் அது 30 கிராம். சட்டைப்பைக்குள் அடங்கும் கால் போத்தல், ஒரு பெரிய போத்தல் கள்ளை விடக் கூடுதலான சுமையை உடலில் இறக்குகிறது. இதனால் கள்ளு நல்லது என்று ஆகிவிடாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கள்ளும் அதற்கு விலக்கல்ல.

வாக்குச் சீட்டில் மூடிய தவறணைகள்

பிரித்தானியர் காலத்தில் சாராயமும் கள்ளும் குத்தகைக்கு விடப்பட்டன. கூடிய விலை கேட்டவருக்குத் தவறணை. அந்த வருமானத்தைப் பெருக்கும் நோக்கோடு வந்ததே 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். பல திருத்தங்களோடு இன்றும் அதுவே அடிப்படைச் சட்டம். அதன் கீழ் நாடெங்கும் கள்ளுத் தவறணைகளைத் திறக்க அரசு முனைந்தபோது, 1904 இல் தெற்கில் எழுந்து தணிந்திருந்த மதுவிலக்கு இயக்கம் மறுபடி கிளர்ந்தது. எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க ஆகியோர் பொதுவாழ்வில் பெயர்பெற்றது இந்த இயக்கத்தில்தான். இலங்கைத் தேசியவாதத்தின் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாக மதுவிலக்கு மேடை அமைந்தது.

அந்தப் போராட்டம் ஓர் அரிய உரிமையைப் பெற்றுத் தந்தது. 1920 களில் தங்கள் பகுதியில் தவறணை இருக்கலாமா வேண்டாமா என்று ஊரவர் வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தெற்கிலும் வடக்கிலும் பல தவறணைகள் வாக்கெடுப்பில் மூடப்பட்டன. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது மதுவிலக்கும் அவருடைய பேச்சுகளில் இடம்பெற்றது. அப்போது மூடிய தவறணைகள் எல்லாம் மூடியபடியே இருக்கவில்லை. களவாக இறக்கும் கள்ளும் களவாகக் காய்ச்சும் சாராயமும் பெருகின. ஆனாலும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், எழுத்தறிவும் வீதி வசதியும் குறைந்த காலத்தில், தவறணை பற்றி ஊரைக் கேட்கும் ஏற்பாடு இந்தத் தீவில் இருந்தது. 2024 இன் பட்டியலோடு அதை ஒப்பிட்டால், எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறோம் என்பது தெரியும்.

பயத்தின் காவலும் அதற்குப் பின்னரும்

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் வன்னி இருந்த காலத்தில் போராளிகளுக்கு மதுவும் புகையும் தடைசெய்யப்பட்டிருந்தன. கசிப்புக் காய்ச்சுவது கடுமையாக ஒடுக்கப்பட்டது. அந்தக் காலத்தை நினைவுகூரும் பலர், குறிப்பாகப் பெண்கள், இரவில் வீதியில் குடிகாரர் இல்லாமல் இருந்ததைச் சொல்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஆயுதத்தின் மீது நின்றது. ஊரே கூடி ஏற்று, ஊரே காத்த ஒழுங்காக அது வேர்விடவில்லை. ஆயுதம் போனதும் அதுவும் போனது.

2009 மே மாதத்துக்குப் பின்னர் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். செட்டிகுளத்து மனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. மீளக்குடியேறியவர்கள் தறப்பாள் கொட்டிலில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். கோயில் நிருவாகம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், மூத்தோர் சொல் என்று ஊரைக் கட்டிவைத்திருந்த கயிறுகள் எல்லாம் அறுந்திருந்த நேரம் அது. அந்த நேரத்தில்தான் ஏ9 வீதி திறந்தது. வங்கியும் லீசிங் கம்பனியும் நுண்கடன்காரரும் வந்த அதே வீதியால் சாராயமும் பியரும் வந்தன.

போரில் உடைந்த மனங்களைப் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர் தனிமனிதரின் மனதைக் காயப்படுத்துவதோடு நிற்பதில்லை, குடும்பம், நம்பிக்கை, அயல் உறவு ஆகிய சமூக நெசவையே கிழிக்கிறது என்பதை அவர் ‘கூட்டு மனவடு’ என்ற கருத்தால் விளக்கினார். வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றிய அவரது ஆய்வுக்கட்டுரை 2010 இல் வெளியானது. மதுப் பாவனை கூடுவது இப்படிக் கிழிந்த சமூகத்தின் அறிகுறிகளில் ஒன்று. பதுங்குகுழியில் பிள்ளையை இழந்த தகப்பன் நித்திரைக்காகக் குடிக்கிறார். முதல் இரண்டு மூன்று மணி நேரம் கண் அயர்கிறது. மதுசாரம் உடலைவிட்டு இறங்க இறங்க, நடுச்சாமத்தில் நித்திரை குலைகிறது, கெட்ட கனவு முன்னதைவிடக் கூர்மையாக வருகிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கிறார். இந்த மனிதரிடம் ஒழுக்கம் பற்றிப் பிரசங்கம் செய்து பயனில்லை.

சட்டம் யாரைப் பார்க்கிறது

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபை உருவானது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கத் தடை, மது விளம்பரத்துக்குத் தடை, விளையாட்டுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் மதுக் கம்பனிகள் அனுசரணை வழங்கத் தடை ஆகியவை இச்சட்டத்தின் தூண்கள். ஆசியாவின் நல்ல சட்டங்களில் ஒன்று இது. வன்னியின் பள்ளிக்கூட மைதானத்தில் பியர்க் கம்பனியின் பதாகை தொங்காததற்கு இந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அதிகாரம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அதிகாரசபை சுகாதாரத் துறையின் பக்கம். அனுமதிப்பத்திரம் வழங்கும் மதுவரித் திணைக்களம் நிதி அமைச்சின் கீழ். ஒரு கை குடியைக் குறைக்கச் சொல்கிறது, மறு கைக்கு ஆண்டுதோறும் வருமான இலக்கு கொடுக்கப்படுகிறது. புதிய கடை எங்கே திறப்பது என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது கை.

இன்னொரு முரண்பாடு 2018 ஜனவரியில் வெளியே வந்தது. பெண்களுக்கு மது விற்கவும், மது விற்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்யவும் 1979 ஆம் ஆண்டின் அறிவித்தல் ஒன்று தடை போட்டிருந்தது. நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப்பெறச் செய்தார். பண்பாடு காக்கப்பட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள். 2015 இல் நடந்த தேசியக் கணிப்பீட்டின்படி இலங்கையில் ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. குடிக்காதவரின் வாசலில் சட்டம் காவல் நின்றது. அவர் வாழும் சந்தியில் கடை திறக்கலாமா என்று மட்டும் அவரைக் கேட்கவில்லை. அடி வாங்குவதும், அடகு வைத்த தாலிக்கொடியை மீட்பதும், பிள்ளையின் கொப்பிக்குக் காசு தேடுவதும் அவர்தான். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதுகூடப் பல கிராமங்களில் தெரியாமல் இருக்கிறது.

கோடாப் பரல்

விலையைக் கூட்டினால் குடி குறையும் என்பது பொதுச் சுகாதாரத்தின் மிக உறுதியான பாடம். ஸ்கொட்லாந்து 2018 மே 1 ஆம் திகதி முதல் ஓர் அலகு மதுசாரத்துக்கு 50 பென்ஸ் என்ற குறைந்தபட்ச விலையை விதித்தது. மதுவால் மட்டுமே ஏற்படும் மரணங்கள் ஏறத்தாழ 13 வீதம் குறைந்தன என்று 2023 இல் வெளியான மதிப்பீடு சொன்னது. கூடுதலாகப் பயன் பெற்றவர்கள் ஏழைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள்.

இலங்கையிலும் 2023 ஜனவரியில் மதுவரி 20 வீதத்தால் உயர்ந்தது. ஆனால் வன்னியில் விலைக் கொள்கை காட்டோரத்தில் ஒரு தடையைச் சந்திக்கிறது. பற்றை மறைவில், தண்ணீர் கிட்டியுள்ள இடத்தில், பரலில் சீனியும் ஈஸ்ட்டும் தண்ணீரும் கலந்து ஊறவிடுகிறார்கள். நாலைந்து நாளில் அது கோடா. அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குழாய் வழியே குளிர்த்தி இறக்கினால் கசிப்பு. ‘கசிப்பும் கோடாவும் மீட்பு’ என்ற தலைப்பு கிளிநொச்சி, முல்லைத்தீவுச் செய்திகளில் பழகிப்போன ஒன்று. பிடிபடுபவர் தண்டப்பணம் கட்டுகிறார், அதற்காக வாங்கிய கடனை அடைக்கத் திரும்பவும் காய்ச்சுகிறார். பிடிபடுபவர்களில் வேறு வருமானம் இல்லாத பெண்களும் உண்டு.

கசிப்பைக் காரணம் காட்டி, கூடுதல் கடைகளைத் திறந்தால் கசிப்பு ஒழியும் என்று வாதிடுகிறார்கள். தமிழகத்தின் அனுபவம் அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அங்கே 2003 முதல் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது, கடைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அப்படியிருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனோல் கலந்த கள்ளச்சாராயம் 60 க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் நாட்கூலிகள். பக்கத்தில் அரசுக் கடை இருந்தும் அவர்கள் மலிவானதைத்தான் தேடிப் போனார்கள். கசிப்பை வளர்ப்பது வறுமையும் அடிமைத்தனமும். கடைகளின் எண்ணிக்கை அதற்கு மருந்தல்ல. வரியை உயர்த்தும்போதே, அந்த வரியில் ஒரு பங்கைக் காய்ச்சுபவரின் மாற்றுத் தொழிலுக்கும் குடிப்பவரின் சிகிச்சைக்கும் ஒதுக்கினால்தான் விலைக் கொள்கை வன்னியில் முழுப் பலன் தரும்.

மூன்றாம் நாள்

உலக சுகாதார ஸ்தாபனம் 2018 இல் ஐந்து நடவடிக்கைகளை முன்வைத்தது. மது கிடைப்பதைக் கட்டுப்படுத்தல், குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைத் தடுத்தல், சிகிச்சை கிடைக்கச் செய்தல், விளம்பரத்தைத் தடைசெய்தல், வரியால் விலையை உயர்த்தல். 2019 இல் மட்டும் உலகில் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணம் என்பது அதே ஸ்தாபனத்தின் கணக்கு. இந்த ஐந்தில் இலங்கை விளம்பரத் தடையில் முன்னே நிற்கிறது. வாகனச் சாரதிக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற எல்லை இருக்கிறது. பின்தங்கி நிற்பது சிகிச்சை.

நீண்ட காலம் நாள்தோறும் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கலாம், கையில் காசு இல்லாமல் போயிருக்கலாம், மனைவியின் தலையில் சத்தியம் பண்ணியிருக்கலாம். முதல் நாள் கை நடுங்கும், வேர்க்கும், சோறு இறங்காது. இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துவார், வீட்டாரை அடையாளம் தெரியாது. பேய் பிடித்தது என்று ஊர் சொல்லும். போர் நடந்த மண்ணில் அந்த ஆட்கள் யார் என்பதும் வீட்டுக்குத் தெரியும். உண்மையில் இது உயிர்போகக்கூடிய மருத்துவ அவசரம். வைத்தியசாலையில் தகுந்த மருந்தும், தயமின் எனும் பி1 உயிர்ச்சத்து ஊசியும், ஐந்தாறு நாள் கவனிப்பும் கிடைத்தால் அவரைக் காப்பாற்றலாம். அதன் பிறகே உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. கிளினிக், குடும்பத்தோடு பேச்சு, தவறி விழுந்தால் வெட்கப்படாமல் திரும்பி வர ஒரு கதவு, எல்லாம் வேண்டும்.

‘குடியை விட்டால்தான் வீட்டுக்குள் வா’ என்று சொல்லும் குடும்பமும், ‘குடித்துவிட்டு வராதே’ என்று வாசலில் திருப்பி அனுப்பும் சேவையும் ஒரே தவறைச் செய்கின்றன. குடிநோயை நோயாகப் பார்க்கச் சமூகம் பழக வேண்டும். அதற்கான ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறார். எந்த வீட்டில் எந்த இரவு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும். அவரிடமிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், அங்கிருந்து மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் ஒரு நேர்வழி ஒவ்வொரு பிரிவிலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஊரின் கையொப்பம்

இந்த உரை கேட்பது மூன்று ஏற்பாடுகள்.

முதலாவது, புதிய மதுக்கடைக்கான விண்ணப்பம் ஒவ்வொன்றும் கிராம அலுவலர் பணிமனையிலும் பாடசாலை வாசலிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபிக்கக் கால அவகாசம் கொடுத்து, கிராமத்தவர் இரகசிய வாக்கெடுப்பில் தீர்மானிக்க வேண்டும். 1920 களில் முடிந்தது இன்று முடியாது என்று சொல்ல ஒருவரும் முன்வரமாட்டார்கள். பெண்களின் வாக்கு அதில் சரிபாதியாக இருக்கும் என்பதே இதன் பெறுமதி.

இரண்டாவது, மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்ற உச்ச எண்ணிக்கை வேண்டும். 16 என்ற இலக்கம் இன்னொரு தடவை ஒரு மாவட்டத்தின் மீது விழாமல் தடுக்க அது ஒன்றே வழி. கூட்டுறவுக் கள்ளுத் தவறணைகளைத் தனியாக வைத்து, கருப்பநீர், பனங்கட்டி உற்பத்திக்குக் கூடுதல் விலை கிடைக்கும்படி பனை அபிவிருத்திச் சபை உதவினால் சீவல் குடும்பங்களும் கைவிடப்படமாட்டா.

மூன்றாவது, அந்தந்த மாவட்டத்தில் வசூலாகும் மதுவருமானத்தில் ஒரு பங்கு அந்த மாவட்டத்தின் குடிநோய்ச் சிகிச்சைக்கே திரும்பி வர வேண்டும். கிளிநொச்சியில் விற்ற போத்தலின் வரி கொழும்புக்குப் போகிறது. நடுங்கும் கையோடு வரும் மனிதருக்கோ கிளிநொச்சியில்தான் கட்டில் தேவைப்படுகிறது.

மதுபான அனுமதிப்பத்திரம் நிரந்தரமானதல்ல. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. காலபோக விதைப்பு முடிந்து குளங்கள் நிரம்பும் மார்கழி மாதத்தில் அந்தக் கோப்புகள் மேசைக்கு வருகின்றன. அவை வருமுன்னர், ஒவ்வொரு மாதர் சங்கமும் தன் கிராமத்தில் எத்தனை கடை, பாடசாலைக்கு எவ்வளவு கிட்ட, கடந்த ஆண்டில் எத்தனை பொலிஸ் முறைப்பாடு என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பிரதேச செயலரிடம் கையளிக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் சங்கங்கள் இந்த ஆண்டே அந்தப் பக்கத்தை எழுதத் தொடங்க வேண்டும் என்று கேட்டு, இந்த உரை நிறைவு பெறுகிறது.